பச்சை இலை போட்ட பக்கம்

அன்பு மகள் சுபாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். நீ கம்ப்யூட்டர் வேலைக்குப் போவாய் என்று சொன்னேன், போனாய். ஒரு காலத்தில் மெஷின்கள் எல்லாம் வாய் திறந்து பேசும் என்று சொன்னேன், பேசுகின்றன. உன் அப்பாவின் கண்ணைப் பற்றிக்கூட எனக்கு முன்கூட்டியே ஒரு பொறி தட்டியது. இப்போது நீ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரப் போகிறேன் என்கிறாயே, அதையும் போன தீபாவளிக்கே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மதினி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “ஆமா, ஒங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். நேத்து சிலிண்டர்ல கேஸ் தீரப்போவுதுன்னு மட்டும் தெரியாமப் போச்சு” என்பார்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட ஒருவனுக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

இந்தக் கடிதத்தை உன் அப்பா எழுதியிருக்க வேண்டும். அண்ணன் இருந்தால் ஒரு கால்புள்ளி பிசகாமல் எழுதியிருப்பார். அவர் போய் வருஷம் ஓடிவிட்டது, ஆகையால் சித்தப்பா எழுதுகிறேன். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, நீதான் எனக்கும் மகள். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். மெதுவாகப் படி. உன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இது புரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது என்று நீதானே சொன்னாய், தமிழ் எழுத்து வந்தால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி தாண்டிப் போய்விடும் என்று. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். அது கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உன் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் வேண்டாம்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஸ்டேஷன் பக்கத்து நடைபாதையில் ஒரு கடிகாரம் வாங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தலையில் தட்டினால் ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் மணி சொல்வாள். கடைக்காரன் அதை ஜப்பான் ராஜா வீட்டுச் சரக்கு என்றான், நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். நீ நாள் பூராவும் அதைத் தட்டிக்கொண்டே இருந்தாய். அண்ணன் எரிச்சலோடு, “ஏல, கண்ணு இருக்கவனுக்கு எதுக்குல பேசுற கடியாரம்?” என்று அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ரிட்டையர் ஆன பிறகு, கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்தில் தொடங்கிய இருட்டு நடுவரைக்கும் வந்து மூடிய பிறகு, அந்த அலமாரியைத் தடவித் திறந்து அவரே அதை எடுத்தார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். அதன் தலையைத் தட்டினார், அது மணி சொன்னது, மறுபடி தட்டினார்.

அப்புறம்தான் நீ ஹடப்சர் ஆபீஸில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை ஔந்த் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அந்தக் குரலைத் தனியாக வாங்கிப் போட வேண்டாம், பெட்டி செய்தவர்களே உள்ளே வைத்து அனுப்புகிறார்கள், இரண்டு மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் எழுந்துகொள்ளும் என்று நீ சொன்னபோது எனக்கு முதுகில் சிலிர்த்தது. ஏரவாடாவில் இத்தனை வருஷமாக மிக்ஸியும் ஃபேனும் பிரித்துப் பூட்டுகிறவன் நான். எந்த மெஷினுக்குள்ளும் ஆள் இருந்து நான் பார்த்ததில்லை. இதில் இருந்தது. ஆணென்றும் சொல்ல முடியாத பெண்ணென்றும் சொல்ல முடியாத குரல், மூச்சு விடாமல் பேசும் குரல். அண்ணன் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸில் மேலதிகாரி சொல்வதைக் குறித்துக்கொள்ளும் முகத்தோடு கேட்டார்.

உன் உத்தியோகமே அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊர்பட்ட கம்பெனிகளுக்கு உங்கள் ஆபீஸ் வெப்சைட் செய்கிறது, கண் தெரியாதவர்கள் அதில் நடமாட முடிகிறதா என்று இந்தக் குரலை வைத்து நடந்து பார்க்கிறவள் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கர்வடிப் பொட்டலத்தோடு நான் வந்தபோது என்னையும் உட்கார வைத்தாய். திரையை அணைத்தாய். மவுஸை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். “ச்சலா, ஆரம்பிங்க சித்தப்பா, டேப் கீயை மட்டும் தட்டுங்க, ஒவ்வொண்ணா அடுத்ததுக்குப் போகும். ஒரு டிக்கெட் புக் பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்” என்றாய். தட்டினேன். “இமேஜ். இமேஜ். லிங்க். பட்டன். பட்டன்” என்றது.

“என்னட்டி இது, ஏலம் விடுதானா?”

“படத்துக்கும் பட்டனுக்கும் பேர் வைக்கல சித்தப்பா. உள்ள பேர் எழுதி வைக்கலைன்னா இதுக்கு என்ன தெரியும்? வெறும் பட்டன்னுதான் சொல்லும்.”

அண்ணன் பின்னாலிருந்து சிரித்தார். “எல்லாரையும் ‘ஏய்’னு கூப்பிட்டா எவன்ல திரும்புவான்?” அப்புறம் உன்னைப் பார்த்து, பார்த்து என்ன, உன் குரல் வந்த பக்கம் திரும்பி, “நீ பண்ணு, நான் கேக்கேன்” என்றார். நீ திரையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படபடவென்று தட்டிக்கொண்டு போனாய்.

“கண்ணைத் தெறந்திருக்க.”

“மூடியிருக்கேன்ப்பா. சச்சி, நெஜமா!”

“பொய் சொல்லாதட்டி. இவ்வளவு வேகமாப் போறன்னா ஒத்தக் கண்ணாவது தெறந்திருக்கு. மூடினவன் ஒவ்வொண்ணையும் முழுசாக் கேட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவான்.”

நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். உன் ஒரு கண் திறந்திருந்ததை நான் பார்த்தேன், அவர் காதால் பிடித்தார். உங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு அது என்று பிறகு நீயே சொன்னாய். குரல் வெறும் ‘பட்டன்’ என்கிறது, திரையில் அந்தப் பட்டனுக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கண் பார்த்துவிடுகிறது, உடனே மனசு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று தலையாட்டிவிடுகிறது. அதனால்தான் திரையை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அவசரம் வந்தால் யார் அணைக்கிறார்கள்.

இனி அந்த மத்தியானக் கதை. அண்ணன் இறந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் நான் சொன்ன கதை, பிறகு நீயே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு வாங்கிய கதை. மறுபடியும் நான் எப்போதும் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், கேள். நீ ஆபீஸில் இருந்தாய். மதினி மண்டிக்குப் போயிருந்தார்கள், காய்கறி வாங்க. நான் படியேறி வரும்போதே அந்தக் குரல் கேட்டது. “ப்ரீவியஸ் மன்த். நெக்ஸ்ட் மன்த். பட்டன். ப்ரீவியஸ் மன்த். நெக்ஸ்ட் மன்த். பட்டன்.” கதவு சும்மா சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றினேன், அதேதான். தண்ணீர் குடித்தேன், அதேதான். உள்ளே எட்டிப் பார்த்தால் அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மதினி ஊற்றி வைத்துவிட்டுப் போன டீயில் ஏடு கட்டியிருந்தது.

“அண்ணே” என்றேன். விரல் நிற்கவில்லை. “ஏல, இதுல ஒரு காலண்டரு தெறந்துக்கிட்டு. உள்ள போயிட்டேன். வெளிய வர்ற கதவைக் காணலை” என்றார். ஆபீஸில் எத்தனையோ பேரை நடுங்க வைத்த மனுஷனுடைய குரலா அது, சுபா? நான் விடுவேனா. மானிட்டரின் ஸ்விட்சைத் தட்டினேன், திரை வந்தது. பார்த்தால் மேலே அந்த ஆஸ்பத்திரிச் சின்னம், பச்சை இலைப் படம். நீ வேலை பார்த்துக் கொடுத்த ஆஸ்பத்திரிப் பக்கம். டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கிற இடத்தில் நிற்கிறது. மூலையில் சின்னப் பெருக்கல் குறி, மவுஸால் அதைக் குத்தினேன், காலண்டர் மூடிக்கொண்டது, அண்ணனை வெளியே கொண்டுவந்துவிட்டேன். “சுபாட்ட சொல்லாத” என்றார். இதுதான் கதை. அடுத்த வாரமே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இறந்த வீட்டில் இதைச் சொன்னபோது நான் என்ன நினைத்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். வந்தவர்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாராவது எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, சொல்கிற ஆள் எப்போதும் நான்தான். “கடைசி வரைக்கும் தன் மக செஞ்ச பக்கத்துலதான்யா உக்காந்திருந்தாரு” என்று முடித்தேன். ஒரு பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டவர்கள் ச்சுச்சு கொட்டினார்கள். நீ மட்டும் எழுந்து, “எந்தப் பக்கம் சித்தப்பா? லோகோ என்ன பாத்தீங்க?” என்று கேட்டாய். “பச்சை இலைம்மா” என்றேன். உன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போவதைப் பார்த்தேன். அது என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தை ஒப்படைக்கிற நாளில் அவசரம், திரையை அணைக்காமலே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். காரியம் முடிந்து வேலைக்குப் போனதும் முதல் வேலையாகத் திரையை அணைத்துவிட்டு அதே பக்கத்துக்குள் போனாய். காலண்டர் திறந்தது. நீயும் உள்ளே மாட்டிக்கொண்டாய். ப்ரீவியஸ் மன்த், நெக்ஸ்ட் மன்த், பட்டன். மூலையில் இருந்த அந்தப் பெருக்கல் குறி மவுஸுக்குத்தான் தெரியும், விசையைத் தட்டுகிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்று சாயங்காலம் எனக்கு போன் பண்ணி, “நீங்க சொன்னது கரெக்ட் சித்தப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றேன்.

நீ அதைச் சண்டை போட்டுச் சரிபண்ணினாய். இப்போது யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்துக்குள் போய் நாள் குறித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்றாய். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மதினி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். “வீட்டுக்கு வந்தா நேரா அந்த ரூமுக்குப் போறா. திரை இல்ல, லைட்டு இல்ல. அந்தக் கொரலு மட்டும் கேக்குது. அவுக இருக்கும்போது கேட்ட அதே கொரலு. எனக்கு அடுப்படில நிக்க முடியல, கொழுந்தனாரே. அவுகதான் உள்ள உக்காந்திருக்காகளோன்னு எட்டி எட்டிப் பாக்கேன்” என்றார்கள். அப்படியெல்லாம் இருக்காது என்று தைரியம் சொல்லிவிட்டுப் படியேறினேன். படியிலேயே கால் நின்றுவிட்டது. ப்ரீவியஸ் மன்த். நெக்ஸ்ட் மன்த்.

அண்ணன் உட்கார்ந்த நாற்காலி, அவர் உட்கார்ந்த அதே விளிம்பு, எதிரே கறுப்புத் திரை. முதுகைப் பார்த்தபோது ஒரு நொடி எனக்கு யாரென்று தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. “இன்னுமா அந்தக் காலண்டரு? அதைத்தான் சரிபண்ணிட்டியே, வெளிய வர முடியுதா?” என்று கேட்டேன். நீ திரும்பவில்லை. “முடியுது சித்தப்பா. ஒவ்வொரு வாட்டியும் வந்துடறேன். அப்பாதான் வரல” என்றாய்.

அதற்கப்புறம் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கடையில் ஏதாவது மிக்ஸி கீழ்ஸ்தாயியில் உறுமினால் நடுவில் ‘பட்டன்’ என்று கேட்கிறது. பஸ் ஸ்டாப் பெயர்களை கண்டக்டர் கத்தினால் எனக்கு மாதப் பெயர்கள் மாதிரி இருக்கிறது. மாதக் காலண்டரில் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், கிழித்தால் உள்ளே யாராவது மாட்டிக்கொள்வார்களோ என்று. சிரிக்காதே. அந்தப் பேசும் கடிகாரம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதன் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது உன் ஆபீஸில் உன்னை மேலே ஏற்றி, இந்தச் சோதனை வேலைக்கென்றே ஒரு குழுவைக் கொடுத்து, சென்னைக்குப் போய் நடத்தச் சொல்கிறார்கள். நீயோ மாட்டேன் என்றது மட்டுமில்லாமல் வேலையே வேண்டாம் என்கிறாய். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். போன வாரம் மொட்டை மாடியில் நான் கேட்டபோது என்ன சொன்னாய்? “மத்தவங்க கையெழுத்துக்கு மேல நான் கையெழுத்துப் போடணும் சித்தப்பா. என் கையெழுத்து எப்படிப்பட்டதுன்னு நீங்கதானே பாத்தீங்க. உங்க கண்ணால பாத்தீங்கல்ல?” நான் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு, “ஆமாம்மா” என்றேன். இறங்கும்போது படியில் ஒரு தடவை தடுக்கினேன்.

உனக்கு நாலு புத்தி சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். சொல்லவும் சொல்கிறேன். ஒருவன் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் அவன் எங்கே நின்றுகொண்டு பார்த்தான் என்று கேள். உன் தொழிலே அதுதானே. பக்கத்தைச் செய்தவன் ‘எல்லாம் இருக்கிறது’ என்றால் நீ நம்புகிறாயா? திரையை அணைத்துவிட்டுத் தட்டிப் பார்க்கிறாய். சித்தப்பா சொன்னதை மட்டும் ஏன் தட்டிப் பார்க்காமல் விட்டாய்? என் கதையில் எத்தனை பட்டனுக்கு உள்ளே பெயர் இல்லை என்று உனக்குத் தெரியாதா? ஜப்பான் ராஜா கடிகாரத்தையே நீ பத்தாவது படிக்கும்போது கண்டுபிடித்துச் சிரித்தவள்தானே. மவுஸைப் பிடிக்கவே தெரியாத ஒருவன் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தேடிக் குத்தினான் என்றால் உனக்குச் சந்தேகம் வரவில்லையா? அப்பா விஷயம் என்பதால் உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அண்ணன் எப்போது அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாலும் திரையை அணைத்துத்தான் வைப்பார். “எனக்கு எதுக்குல வெளிச்சம், கரண்டு பில்லு நீயா கட்டுத?” என்பார். நீ வீட்டில் இருக்கும்போது நீ போட்டு வைப்பாய், அதனால் உனக்குத் தெரியாது. அன்றைக்கும் திரை கறுப்பாகத்தான் இருந்தது. நான் எந்த ஸ்விட்சையும் தட்டவில்லை. எது ஸ்விட்ச் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் குரல் என் பக்கம் திரும்பிப் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு மெஷின் அடங்காமல் கத்தினால் நான் கடையில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அறை அப்படியே நின்றுபோனது. அண்ணனின் விரல் இன்னும் ஒருமுறை தட்டியது. “போயிட்டாளா?” என்று அந்தக் குரலைப் பற்றிக் கேட்டார். அப்புறம்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், அது நிஜம். காலண்டர் நிஜம். கதவைக் காணவில்லை என்றது நிஜம்.

இறந்த வீட்டில் நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் துணிப்பை தொங்கியது, அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களுக்கெல்லாம் கொடுத்தது, பச்சை இலைப் படம் போட்டது. நீ ‘என்ன பாத்தீங்க’ என்று கேட்டபோது என் கண் அதன் மேல்தான் இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன பக்கத்தில் நிஜமாகவே ஒரு காலண்டர் உன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் கண்டேனா? ஒரே காலண்டரைத்தான் பாதிப் பேர் தங்கள் வெப்சைட்டில் எடுத்து ஒட்டுகிறார்கள் என்று நீதானே ஒரு தடவை திட்டினாய். டிக்கெட் போடும் பக்கமாக இருக்கலாம். பில் கட்டும் பக்கமாக இருக்கலாம். உன்னுடையதாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. டாக்டரைப் பார்க்கத்தான் நாள் தேடினாரா, வேறு எதற்காவதா, அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்தத் தேதி எது என்று நினைத்துக்கொண்டு நானும்தான் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ என்ன பதில் சொல்வாய் என்று இந்த ஒரு தடவை எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. என் வார்த்தையை வைத்துக்கொண்டு மட்டும் சொல்லாதே. அன்றைக்கு நான் குரலைக் கேட்டேன், கறுப்புத் திரையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பச்சை இலை அங்கே இல்லை, சுபா. அதை வைத்தது நான்.

உன் சித்தப்பா